எளிமை இரண்டு வகை

‘பிரதர்ஸ்: எ டேல் ஆஃப் டூ சன்ஸ்’ என்ற பெயரை எடுத்தாலே இரண்டு தீர்ப்புகள் வந்து விழும். கண்ணீர் வரவழைத்த கதை என்பது ஒன்று. புதிர்கள் குழந்தை விளையாட்டு என்பது மற்றொன்று. இரண்டும் உண்மைதான். ஆனால் முதலாவதைக் காட்டி இரண்டாவதை மன்னித்துவிடும் வழக்கம் விமர்சனத்துக்கு அழகல்ல. இந்த வீடியோ கேமில் எளிமை இரண்டு இடங்களில் குடியிருக்கிறது: கட்டுப்பாட்டில், புதிரில். முன்னது சாதனை, பின்னது குறை. இரண்டையும் ஒரே பெயரால் அழைப்பதால்தான் மதிப்பீடு குழம்புகிறது. முடிவைச் சொல்லாமல் இதை எடைபோட இயலாது. இன்னும் ஆடாதவர்கள் ஆடிவிட்டு வரலாம், மூன்று மணி நேரத்துக்குமேல் ஆகாது.

ஸ்வீடனின் ஸ்டார்பிரீஸ் ஸ்டுடியோவுக்காக 2013இல் இதை இயக்கிய ஜோசப் ஃபாரெஸ் லெபனானில் பிறந்தவர், சிறுவயதிலேயே ஸ்வீடனுக்குப் பெயர்ந்தவர், திரைப்படங்களால் அறியப்பட்டவர். சினிமாவிலிருந்து கேமுக்கு வருபவர்கள் வழக்கமாகச் செய்வது, ஆட்டத்தை நிறுத்திவிட்டுக் காட்சி ஓட்டுவது. ஃபாரெஸ் கதையைக் கன்ட்ரோலருக்குள் வைத்தார். இடது ஸ்டிக் அண்ணன், வலது ஸ்டிக் தம்பி. ஆளுக்கொரு ட்ரிகர்; பிடிப்பது, ஏறுவது, இழுப்பது, பிறரிடம் பேசுவது எல்லாவற்றுக்கும் அது ஒன்றுதான். பேச்சு எந்த நாட்டிலும் இல்லாத, இட்டுக்கட்டிய மொழியில். அடியில் மொழிபெயர்ப்பும் கிடையாது. நோயுற்ற தந்தைக்காக உயிர்மரத்தின் நீரைத் தேடிப் போகும் இரு சிறுவர்களின் உறவை நாம் காதால் அறிவதைவிட விரலால் அறிவதே அதிகம். திரையில் அண்ணன் வலப்பக்கமும் தம்பி இடப்பக்கமும் மாறி நின்றால் கைகள் தடுமாறும். அந்தத் தடுமாற்றம் வடிவமைப்பின் பிழையல்ல. இருவரை ஒரு மனம் சுமக்கும் வேலை அப்படித்தான் இருக்கும்.

இவ்வளவு கூர்மையான கருவியைக் கையில் கொடுத்துவிட்டு அதைக்கொண்டு செய்யச் சொல்லும் வேலைதான் ஏமாற்றம். கம்பிகளின் இடைவெளியில் தம்பி நுழைவான். கனத்த நெம்புகோலை அண்ணன் இழுப்பான். அண்ணன் தூக்கிவிடத் தம்பி மேலேறுவான். தாய் நீரில் மூழ்கி இறந்ததைப் பார்த்த தம்பிக்கு நீச்சல் வராது. ஆற்றில் அண்ணனின் முதுகைப் பற்றிக்கொள்வான். இந்த வேறுபாடுகள் எல்லாம் ஆரம்பத்திலேயே அறிமுகமாகிவிடுகின்றன. அதன்பின் அவை வளர்வதில்லை, இடம் மட்டும் மாறுகிறது. மாண்ட அரக்கர்களின் உடல்கள் மலைமலையாய்க் கிடக்கும் போர்க்களம் இந்த வகைக் கற்பனையில் அரிதான காட்சி; அங்கும் நமக்குக் கிடைப்பது தள்ளுவதும் இழுப்பதுமே. ஒரே விலக்கு, இருவரும் ஒரு கயிற்றில் பிணைந்து சுவரேறும் கட்டம். ஒருவன் பிடித்துக்கொள்ள மற்றவன் ஊசலாடி அடுத்த பிடியை எட்ட வேண்டும். எந்த ட்ரிகரை எப்போது விடுவது என்பதே அங்கு புதிர். உறவும் ஆட்டமும் ஒன்றாகும் அந்த இடத்தை ஃபாரெஸ் அவசரமாகக் கடந்துவிடுகிறார்.

கடினமான புதிரைக் கேட்கவில்லை, விளைவுள்ள புதிரைக் கேட்கிறேன். 2001இல் வந்த ‘ஈகோ’வும் எளிய ஆட்டமே. கைபிடித்து நடப்பதற்கு அங்கும் ஒரே பொத்தான். ஆனால் நாம் அழைத்துச் செல்லும் யோர்தா என்ற பெண்ணின் கையை விட்டு அகன்றால் நிழலுருக்கள் வந்து அவளை இழுத்துப் போகும். ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு விலை உண்டு. ‘பிரதர்ஸ்’ஸில் பெரும்பாலும் ஒருவனை விட்டு மற்றவன் விலகினால் விடப்பட்டவன் சும்மா நிற்பான். பாசத்தைப் பற்றிய ஆட்டத்தில் பிரிவுக்கு விலையில்லை என்றால் அது அடித்தளத்திலேயே இருக்கும் ஓட்டை.

கதைக்கும் முழு மதிப்பெண் போட முடியவில்லை. துயரம் அடுக்கப்படுகிறது: மூழ்கிய தாய், குடும்பத்தைத் தீயில் இழந்து தூக்கில் தொங்க முயல்பவன், சகோதரர்கள் விடுவித்த பின் அவர்களைச் சுமந்து பறந்து உயிர்விடும் கிரிஃபின். ஒன்று நெஞ்சில் இறங்குமுன் அடுத்தது வந்துவிடுகிறது. இவற்றுள் தூக்கில் தொங்குபவனின் காட்சி மட்டும் தப்புகிறது. ஒருவன் தாங்கிப் பிடிக்க மற்றவன் ஏறிக் கயிற்றை அவிழ்க்க, செயலே இரக்கமாகிறது. பலிக்களத்திலிருந்து மீட்கப்பட்ட பெண் அண்ணனை மயக்கிச் சிலந்தியாக மாறுவதோ பழைய சரக்கு. இறந்த தாய், மீட்கப்பட வேண்டிய ட்ரோல் மனைவி, வஞ்சகி: பெண்ணுக்கு ஃபாரெஸின் கதையில் கிடைத்த இடங்கள் இவ்வளவே.

இத்தனை குறைகளையும் சுமந்துகொண்டு ஆட்டம் கடைசிப் பகுதிக்கு வருகிறது. அண்ணன் இறந்துவிட்டான். தம்பி தன் கையால் மண் தள்ளிப் புதைக்கிறான். நம் இடது கைக்கு வேலையே இல்லை. ஊர் திரும்பும்போது பெருக்கெடுத்த நீர் வழியை மறிக்கிறது. தம்பியின் ட்ரிகரை எவ்வளவு அழுத்தினாலும் அவன் நீந்தமாட்டான். அண்ணனுக்குரிய இடது ட்ரிகரை அழுத்தினால்தான் நீரில் இறங்குகிறான். இழப்பு, துணிவு, இறந்தவன் உள்ளே தங்குவது ஆகிய மூன்றையும் ஒரு விரலசைவு சொல்லிவிடுகிறது. திரைப்படத்தாலும் நாவலாலும் இதை இப்படிச் சொல்ல முடியாது. ஏனெனில் அங்கே நம் கைக்கு வேலை இல்லை. 2014இல் பாஃப்டா இதற்குக் கேம் புதுமைக்கான விருதை வழங்கியது நியாயமே.

இங்கேதான் ரசிகர்களின் வாதம் எழும்: மூன்று மணி நேர எளிமையால்தானே இந்தக் கணம் பலித்தது? பாதிதான் சரி. இடது கை என்றால் அண்ணன் என்ற பழக்கம் ஊறுவதற்குக் கட்டுப்பாடு மாறாமல் இருக்க வேண்டும். புதிர் மாறாமல் இருக்க வேண்டியதில்லை. அதே இரு ஸ்டிக்குகள், அதே இரு ட்ரிகர்களை வைத்துக்கொண்டே கயிற்றுக் கட்டத்தைப் போல இன்னும் பத்து கட்டங்களைப் படைத்திருக்கலாம். பழக்கம் ஆழமாகியிருக்கும், முடிவு இன்னும் அழுத்தமாக விழுந்திருக்கும்.

ஃபாரெஸின் பிற்காலப் போக்கும் இதற்குச் சான்று. 2021இல் தி கேம் அவார்ட்ஸின் ஆண்டுச் சிறந்த ஆட்டமாகத் தேர்வான ‘இட் டேக்ஸ் டூ’வில் அத்தியாயத்துக்கு அத்தியாயம் ஆடும் முறையே மாறுகிறது, கண்டுபிடிப்புக்குப் பஞ்சமில்லை. உணர்ச்சியோ அதில் வரும் பேசும் புத்தகத்தின் உபதேசமாக மெலிந்துவிட்டது. தராசு மறுபக்கம் சாய்ந்ததே தவிர நிமிரவில்லை. அவான்ட்கார்டன் ஸ்டுடியோ உருவாக்கி 2024இல் வெளிவந்த ‘பிரதர்ஸ்’ மறுஆக்கம் ஒளியையும் தோற்றத்தையும் புதுப்பித்தது, புதிர்களின் மெலிவை நீக்கவில்லை. போதாக்குறைக்கு இருவர் சேர்ந்து ஆடும் வசதி. இரு சகோதரர்களும் ஒரே மனிதனின் இரு கைகள் என்பதுதான் இப்படைப்பின் அச்சாணி. ஒரு கையை நண்பரிடம் கொடுத்துவிட்டால் அது கழன்றுவிடுகிறது.

ஆகவே என் தீர்ப்பு: முழுமையான படைப்பு அல்ல, கடைசிப் பகுதியில் மட்டும் தன் கலையின் உச்சியைத் தொட்ட படைப்பு. புதிருக்காக வருபவர்கள் வேறிடம் பார்க்கலாம். ஆட்டத்தின் இலக்கணத்தைக் கொண்டே கதை சொல்வது எப்படி என்று அறிய விரும்புகிறவர்கள் 2013ஆம் ஆண்டுப் பதிப்பை எடுத்து, கன்ட்ரோலரில், தனியாக ஆடுங்கள்.