ஒற்றைக்காலில் ஒரு குதி!

எங்கள் மலேசிய ஸ்குவாஷ் வீராங்கனை சிவசங்கரியைப் பற்றி ஆரம்பித்தால் நான் நிறுத்த மாட்டேன், முதலிலேயே சொல்லிவிடுகிறேன்! 2022 ஜூனில் கார் விபத்து, முகத்தில் முறிவு, கழுத்து முள்ளெலும்பில் முறிவு, பர்மிங்காம் காமன்வெல்த் போட்டி கைநழுவிப் போச்சு. கழுத்து திரும்பாமல் ஸ்குவாஷ் ஆட முடியுமா, நீங்களே சொல்லுங்கள்! பந்து பின்சுவரில் பட்டு வரும்போது தலை சட்டென்று திரும்ப வேண்டும், உடம்பு முறுக்க வேண்டும், முன்னால் பாய வேண்டும். அந்தப் பெண் 2023 அக்டோபரில் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் ஒற்றையர் தங்கம் வாங்குகிறார், மறு வருஷம் லண்டனில் எகிப்தின் ஹானியா எல் ஹமாமியை ஐந்தாவது ஆட்டம் வரை இழுத்து வீழ்த்திக் கோப்பையைத் தூக்குகிறார்! எங்கள் ஊர் குனோங் ராபாட்டில் நான் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டுச் சீன ஆன்ட்டி திருடன் வந்துவிட்டான் என்று விளக்கைப் போட்டுவிட்டார்.

தங்கத்தை எல்லாரும் பார்த்தோம். கட்டிலில் இருந்து களத்துக்கு ஒரு மனுஷரைக் கூட்டிவரும் பிசியோதெரபியை யார் பார்த்தோம்? எனக்கு அதைக் காட்டியது என் குதிகால்!

ஃபுட்சல் பைத்தியம் நான். குதிகாலுக்கு மேலே இருக்கிறதே அந்தக் கனத்த நார், அது வீங்கி, காலையில் கட்டிலை விட்டு இறங்கினால் உயிர் போகும். எண்ணெய் போட்டு உருவிப் பார்த்தேன், ஐஸ் வைத்தேன், மாதக்கணக்கில் காலை நீட்டிப் படுத்தும் பார்த்தேன். பிசியோவிடம் போனால் படுக்கப் போட்டு நீவி விடுவார்கள் என்றுதான் போனேன். அந்தப் பொண்ணு என்னைத் தொடவே இல்லை! "அங்கிள், படியில ஏறி நில்லுங்க" என்றது. (அங்கிளாம்! சரி, போகட்டும்.)

இப்போது என்னோடு நில்லுங்கள். முன்பாதம் மட்டும் படி விளிம்பில், குதிகால் அந்தரத்தில். இரண்டு காலாலும் எழும்புங்கள். நல்ல காலை எடுத்துவிடுங்கள். மொத்த உடம்பையும் நோகிற காலில் தாங்கி, மெ...து...வா..., குதிகாலைப் படிக்குக் கீழே இறக்குங்கள். முட்டி நேராக 15 தடவை, மூன்று சுற்று. பிறகு முட்டியை மடித்து அதே மாதிரி, ஏனென்றால் மடித்தால் கெண்டைக்காலின் உள்தசைக்கு வேலை கூடும். காலையிலும் மாலையிலும். கூட்டினால் ஒரு நாளைக்கு 180! 12 வாரம்! வலிக்குமா? கொஞ்சம் வலிக்கும்தான், அதை விடுங்கள், காரணத்தைக் கேளுங்கள்: நொந்த நாரின் இழைகள் சிக்குப் பிடித்த நூல் மாதிரி தாறுமாறாகக் கிடக்கும், அளவாகப் பாரம் ஏற்ற ஏற்ற நார் அதைத் தாங்கப் பழகி உறுதியாகும், சும்மா படுத்துக் கிடந்தால் நார் இன்னும் நொய்ந்துதான் போகும்! இந்தப் பயிற்சித் திட்டத்தை வகுத்தவர் ஸ்வீடனின் ஹோகன் ஆல்ஃப்ரெட்சன், அவரே மருத்துவர், அவருக்கே குதிகால் நோவு, அறுவை செய்யச் சொல்லியும் மேலதிகாரி மறுக்க, நார் அறுந்தாவது போகட்டும் என்று வீம்புக்கு வலிக்க வலிக்கப் பயிற்சி செய்தாராம், வலியே ஓடிப்போச்சாம்! அப்புறம் அறுவைக்குக் காத்திருந்த 15 விளையாட்டுக்காரர்களுக்குக் கொடுத்துப் பார்த்தார், 15 பேரும் பழையபடி ஓடினார்கள், 1998-இல் கட்டுரையாகவே வந்தது. இந்தக் கதையைக் கேட்டுவிட்டு நான் சும்மா இருப்பேனா? கெக் லோக் தோங் குகைக் கோயில் படிக்கட்டுதான் என் ஜிம்! குகைக்குள்ளிருந்து ஐஸ் பெட்டி திறந்த மாதிரி குளிர்காற்று, ஊதுபத்தி வாசம், பின்னால் சுண்ணாம்பு மலை, முதுகுப்பையில் அஞ்சு கிலோ அரிசி (வலி குறைந்தால் பாரம் ஏற்றணும், அதுதான் விதி!), கெண்டைக்கால் தீயாய் எரிய நான் வாய்விட்டு எண்ணிக்கொண்டு ஏறி இறங்க, நடக்க வந்த தாத்தாக்களும் சேர்ந்து எண்ண ஆரம்பித்துவிட்டார்கள், ஒருத்தர் கேண்டனீஸில், ஒருத்தர் மலாயில், நான் தமிழில்!

அப்புறம் பிசியோ அறையில் அந்த நாள். "ஒத்தக் கால்ல குதிங்க அங்கிள்." குதித்தேன். வலியில்லை! இன்னொன்று குதித்தேன், அறையைச் சுற்றிக் குதித்தேன், "போதும், போதும், உக்காருங்க" என்று அந்தப் பொண்ணு பின்னாலேயே ஓடிவருகிறது, நான் வாசல் வரைக்கும் குதித்துப் போய்விட்டேன், காத்திருந்தவர்கள் கைதட்டினார்கள், எனக்குக் கண் கலங்கிப் போச்சு, வெட்கமே இல்லாமல் சொல்கிறேன்!

இப்போது ஒட்டுக்கடையில் எவனாவது முட்டியைத் தடவிக்கொண்டு உட்கார்ந்தால் தொலைந்தான். முட்டிக்குள் இருக்கும் ஏ.சி.எல். நாருக்கு அறுவையா? 9 மாதமாவது ஆகாமல் பந்தைத் தொடாதே, அடிபட்ட காலின் பலம் மற்ற காலில் நூற்றுக்குத் தொண்ணூறாவது வரணும், குதித்துக் காட்டணும், என்று அவன் தே தாரிக் ஆறிப்போகும் வரை விட மாட்டேன். அவன் எழுந்து போனால் அடுத்த மேசை இருக்கிறது, அங்கே ஒருத்தர் தோளைப் பிடித்துவிட்டுக்கொண்டு இருக்கிறார்!