செவிச்செல்வமும் விழிவழிக் கல்வியும்

திருக்குறளிற் ‘கேள்வி’ என ஓர் அதிகாரம் உண்டு. செவிவழி வரும் அறிவைச் செல்வங்களுள் தலையாயதாக வைத்துப் போற்றும் அவ்வதிகாரத்திலேயே, ஓசையைக் கேட்கும் ஆற்றல் இருந்தும் நல்லறிவு புகப்பெறாத செவியைச் செவிடென்றே கொள்கின்றார் ஆசிரியர். வள்ளுவர் இகழ்ந்தது உறுப்பின் குறையையன்று. அறிவு புகும் வழி அடைபட்ட நிலையையே என்பது இதனாற் பெறப்படும். அங்ஙனமாயின், செவி கேளாத பிள்ளைக்கு அறிவு புகும் வேறு வழி திறந்திருக்குமாயின், அப்பிள்ளை வள்ளுவர் கருத்திற் செவிடாதல் யாங்ஙனம்? அவ்வழியைத் திறப்பதற்கென இதுவரை ஆக்கப்பட்ட கல்விக் கருவிகள் தமிழ்ப் பிள்ளைகளுக்கு எவ்வளவு பொருந்துகின்றன என்பதை ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கம். கருவி என ஈண்டுக் கூறப்படுவது இயந்திரத்தை மட்டுமன்று. படம், அட்டை, எழுத்துமுறை, கற்பிக்கும் நெறி யாவும் அச்சொல்லுள் அடங்கும்.

தமிழ் வழங்கும் நிலத்தில் இத்துறைக் கல்வி நூற்றாண்டைக் கடந்த வரலாறுடையது. பாளையங்கோட்டையில் புளோரன்ஸ் சுவைன்சன் அம்மையாரின் பெயர்தாங்கிய பாடசாலை பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலே தோன்றியது. இலங்கையில் 1912இல் மேரி சப்மன் அம்மையார் தொடங்கிய பாடசாலையே இன்று இரத்மலானைச் செவிப்புலனற்றோர் விழிப்புலனற்றோர் பாடசாலையென அறியப்படுகின்றது. யாழ்ப்பாணக் குடாநாட்டில் தென்மராட்சிக் கைதடியிலே நவீல்ட் பாடசாலை 1956இல் நிறுவப்பெற்றது. அவ்வாண்டு இந்நாட்டு வரலாற்றில் மறக்கவியலாத ஆண்டு. சிங்களம் மட்டும் அரசகருமமொழி என்னும் சட்டம் நிறைவேறியதும், தாய்மொழி உரிமை பற்றிய வாதம் ஒவ்வொரு தமிழ் வீட்டின் திண்ணையிலும் எழுந்ததும் அவ்வாண்டிற்றான். எனினும் கைதடியிற் கற்கவந்த பிள்ளையின் தாய்மொழி யாது என்னும் வினா அவ்வாதத்துள் இடம்பெறவில்லை. ஒருவன் தன் மொழியிற் கற்கவேண்டும் என்று பேசிய நாம், மொழியே இன்றி வளரும் பிள்ளை ஒன்று நம் ஊரில் உண்டு என்பதை எண்ணினோமில்லை.

மொழியின்றி வளர்தல் என்பது மிகைக்கூற்றன்று. செவிப்புலனற்ற பிள்ளைகளிற் பெரும்பாலோர் கேட்கும் பெற்றோருக்கே பிறக்கின்றனர். கேட்கும் குழந்தை தொட்டிலிற் கிடக்கும்போதே தாலாட்டாலும் வீட்டுப் பேச்சாலும் மொழியைப் பெற்றுவிடுகின்றது. பாடசாலை அதற்கு எழுத்தையே கற்பிக்கின்றது. கேளாத குழந்தைக்கோ அவ்வீட்டுப் பேச்சு எட்டுவதில்லை. சைகைமொழி அறிந்தாரும் அருகிலில்லை. ஐந்து ஆண்டுகள் இங்ஙனம் கழிந்தபின், எழுத்தோடு மொழியையும் ஒருங்கே கற்பிக்கப் பாடசாலை முயல்கின்றது. மொழி இயல்பாக வேரூன்றும் இளம்பருவம் அதற்குள் பெரிதும் கழிந்துவிடும். ஆகவே ஒரு கருவியை மதிப்பிடுமிடத்து நாம் முதலிற் கேட்கவேண்டியது, அது பிள்ளைக்கு முழுமையான மொழியொன்றைக் காலத்தே தருகின்றதா என்பதாம். அது தமிழின் இயல்புக்கு இசைகின்றதா என்பது இரண்டாவது. கேட்போரும் கேளாதோரும் கூடிப் பயில இடந்தருகின்றதா என்பது மூன்றாவது.

முதற்கண் உதட்டசைவு வாசிப்பை நோக்குவோம். 1880இல் இத்தாலியின் மிலான் நகரிற் கூடிய மாநாடு, கேளாப் பிள்ளைகளைப் பேச்சுவழியே கற்பித்தல் வேண்டும், சைகையை விலக்கல் வேண்டும் என்று தீர்மானித்தது. அத்தீர்மானத்தின் செல்வாக்கு உலகெங்கும் பரவியது; பல நாடுகளிற் செவிப்புலனற்ற ஆசிரியர்கள் தம் பணியை இழந்தனர். 2010இல் கனடாவின் வன்கூவர் நகரிற் கூடிய அதே துறைப் பன்னாட்டு மாநாடு அத்தீர்மானத்தைத் தள்ளி, அதன் தீங்குகளுக்கு வருந்தியது. இடைப்பட்டது 130 ஆண்டு.

உதட்டசைவு வாசிப்புத் தமிழுக்கு எவ்வளவு பயன்படும் என்பதை அறிய மேனாட்டு ஆய்வுக்குச் செல்லவேண்டியதில்லை. தொல்காப்பிய எழுத்ததிகாரத்துப் பிறப்பியலே போதிய சான்று. பகரமும் மகரமும் இதழிரண்டும் பொருந்தப் பிறப்பன என்றும், டகர ணகரங்கள் நாநுனி அண்ணத்தைப் பொருந்தப் பிறப்பன என்றும் ஆசிரியர் வகுக்கின்றார். வல்லெழுத்து ஆறும் மெல்லெழுத்து ஆறும் இவ்வாறே இணையிணையாக ஓரிடத்துப் பிறக்கின்றன. இணையுள் ஒன்றை மற்றொன்றினின்று வேறுபடுத்துவது மூக்கின்வழி வரும் ஒலியே. அது கண்ணுக்குப் புலனாவதன்று. ‘படம், மடம், பணம், மணம்’ என்னும் நான்கு சொற்களையும் ஒருவர் கண்ணாடிமுன் நின்று ஓசையின்றி உச்சரித்துப் பார்ப்பாராக. நான்கும் ஒரே தோற்றந் தருதலைக் காண்பர். பதினெட்டு மெய்களுள் இதழில் வெளிப்படத் தோன்றுவன பகரம், மகரம், வகரம் என்னும் மூன்றே. அவற்றுள்ளும் முன்னிரண்டும் தம்முள் வேறுபாடு காட்டா. ஏனையவை நாவின் தொழிலால் வாயினுள்ளே பிறப்பன. எனவே உதட்டசைவு வாசிப்பு என்பது பெரும்பகுதி ஊகமே. முன்னரே மொழியறிந்தவனுக்கு அது துணையாகும். மொழியறியாத குழந்தைக்கு மொழியைத் தரும் ஆற்றல் அதற்கு இல்லை.

இதனோடு நம் நாட்டு வழக்கின் சிக்கலும் சேர்கின்றது. தாய் ‘வாறன்’ என்கிறாள். பாடநூல் ‘வருகிறேன்’ என்கிறது. தாய் ‘சொல்லுறன்’ என்கிறாள். நூலில் ‘சொல்லுகிறேன்’ என்றிருக்கிறது. கேட்கும் பிள்ளை இவ்விரண்டும் ஒன்றே என்பதைப் பழக்கத்தால் அறியும். கேளாப் பிள்ளைக்கோ இதழிற் கண்ட வடிவமும் தாளிற் கண்ட வடிவமும் இருவேறு சொற்கள். இவ்விடைவெளியை எடுத்துக்காட்டிப் பாலம் அமைக்காத பாடநூல் எதுவும் அப்பிள்ளைக்கெனச் செய்யப்பட்ட நூலாகாது.

செவிப்புலக் கருவியை அடுத்து எடுத்துக்கொள்வோம். எஞ்சிய கேட்கும் ஆற்றல் உடையார்க்கு அது பெரும்பேறு என்பதில் ஐயமில்லை. ஆயின் அது ஒலியைப் பெருக்கித் தருவதேயன்றிப் பழுதற்ற செவியைத் தருவதன்று. ஆசிரியர் குரலோடு மின்விசிறியின் இரைச்சலையும், பக்கத்து வகுப்பின் கூச்சலையும் சேர்த்தே அது பெருக்கும். பேசுவோர் தொலைவிற் செல்லுந்தோறும் அதன் பயன் குறையும். குழந்தையின் செவி வளருந்தோறும் காதச்சு மாற்றப்படல் வேண்டும். மின்கலம் இடையறாது கிடைத்தல் வேண்டும். வியர்வையும் ஈரமும் படாது காத்தல் வேண்டும். கருவியைக் கொடுத்துப் படமெடுப்பதோடு கடமை முடிந்ததெனக் கருதும் கொடையாளர், மறுதவணைக்கான மின்கலத்தை யார் வாங்குவர் என்பதையும் எண்ணல் வேண்டும். பராமரிப்பு இல்லாத கருவி பெட்டியுள் உறங்கும். பிள்ளைக்கு உதவி கிடைத்துவிட்டது என்ற மயக்கம் மட்டும் ஊரில் உலவும்.

படஅட்டைகள் நம் வகுப்பறைகளிற் பெரிதும் வழங்குவன. மரம், பசு, வீடு முதலிய பெயர்களைக் கற்பிக்க அவை போதும். ஆயின் பெயர்களின் தொகுதி மொழியாகாது. ‘கண்ணன் முருகனை அழைத்தான்’, ‘கண்ணனை முருகன் அழைத்தான்’ என்னும் இரு தொடர்களிலும் பெயர்கள் நின்ற வரிசை ஒன்றே. ஐகாரம் இடம்மாறியதாற் பொருள் தலைகீழாகியது. இவ்வைகாரத்தை எந்தப் படஅட்டை காட்டும்?

தொடரமைப்பைக் கற்பிக்க அமெரிக்காவில் ஈடித் பிற்ஸ்ஜெரால்ட் என்னும் செவிப்புலனற்ற ஆசிரியை 1926இல் வெளியிட்ட நூலில் ஒரு முறையை வகுத்தார். யார், என்ன, எங்கே, எப்போது எனத் தலைப்பிட்ட நிரல்களில் சொற்களை வரிசையாக இடுவது அதன் சாரம். ஆங்கிலத்தில் சொல் நிற்கும் இடமே அதன் தொழிலைக் காட்டுதலின் அம்முறை ஆங்கிலத்துக்கு மிகப் பொருந்தும். தமிழிலோ தொழிலைக் காட்டுவது இடமன்று, உருபே. ‘அம்மா தம்பிக்குச் சோறு கொடுத்தாள்’ எனினும் ‘தம்பிக்கு அம்மா சோறு கொடுத்தாள்’ எனினும் பொருள் மாறுவதில்லை. ஆகவே அம்முறையை அப்படியே பெயர்த்து வழங்கின் பிள்ளை வரிசையை மனனஞ் செய்யும், உருபை விட்டுவிடும். ஐ, ஆல், கு, இன், அது, கண் என்னும் ஆறு உருபுகளுக்கும் ஆறு நிறங்கள் தந்து, பெயர் எங்கு நின்றாலும் உருபு கண்ணிற் படுமாறு அச்சிடுதல் தமிழுக்கு ஏற்ற முறையாகும். ‘தம்பிக்குச்’ என்பதன் இறுதியில் வந்த சகர ஒற்று ஓசையின் பொருட்டு வந்தது. ஓசையறியாத பிள்ளைக்கு அது காரணமற்ற எழுத்து. அதனை மெல்லிய நிறத்தில் அச்சிட்டு, இஃது உருபன்று எனக் காட்டுதல் தொடக்க நூல்களுக்குத் தகும்.

விரலெழுத்தும் இத்தகைய ஆராய்ச்சியை வேண்டிநிற்கின்றது. தமிழெழுத்து 247 எனினும் உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1 ஆக 31 வடிவங்களே அடிப்படை. 216 உயிர்மெய்யும் அவற்றின் கூட்டால் அமைவன. எனவே 31 கைவடிவங்கள் கொண்டு தமிழ் முழுவதையும் எழுதிக்காட்டல் கூடும். இடர் வேறிடத்தில் உள்ளது. ‘கொ’ என்பதில் உயிரின் குறி ககரத்தின் இருபுறத்தும் நிற்கின்றது. ‘கெ’ என்பதிற் குறி முன்னே நிற்கின்றது. ஒலியிலோ மெய்யே முன், உயிர் பின். விரலெழுத்து எவ்வரிசையைப் பின்பற்றுவது? ஒலிமுறை ஆசிரியருக்கு எளிது. எழுத்துமுறை தாளை மட்டுமே கண்ட பிள்ளைக்கு எளிது. இவ்வினாவைச் செவிப்புலனற்ற வளர்ந்தோரிடம் வைத்து விடைகாணாது, கேட்போர் மட்டும் கூடி முடிவுசெய்தல் முறையன்று.

சைகைமொழிக்கு வருவோம். அது பேச்சின் சிதைந்த நிழல் என்பது நெடுங்காலக் கொள்கை. 1960இல் வில்லியம் ஸ்ரோக்கோ என்னும் அமெரிக்க அறிஞர், கைவடிவம், இடம், அசைவு என்னும் உறுப்புக்களால் அமைந்த முறையான மொழியே அது என நிறுவினார். நிக்கரகுவா நாட்டில் 1970களின் பிற்பகுதியிலும் 1980களிலும் கேளாப் பிள்ளைகள் பாடசாலைகளில் முதன்முறை ஒன்றுகூடியபோது, எவரும் கற்பியாத சைகைமொழியொன்று அவர்களிடையே தோன்றி வளர்ந்தது. பிள்ளைகள் ஒன்றுகூடி வாழ்தலே மொழியின் விளைநிலம் என்பது இதனால் தெற்றெனப் புலனாகும்.

கையாற் பொருளுணர்த்தல் தமிழர்க்குப் புதிதன்று எனக் கூறி, சிலப்பதிகார உரையில் அடியார்க்குநல்லார் காட்டும் பிண்டி 33ஐயும் பிணையல் 15ஐயும் சிலர் எடுத்துக்காட்டக்கூடும். அப்பெருமிதம் நன்றே, ஆயின் பொருத்தமுடையதன்று. கூத்தின் கைகள் முன்னரே அறிந்த பாடலுக்கு அழகு செய்வன. பசி, வழக்கு, கணக்கு, விளையாட்டு என வாழ்வின் எல்லாத் துறைகளையும் உரையாடற்கு ஆக்கப்பட்டவையல்ல. இந்தியாவில் 2015இல் அமைந்த சைகைமொழி ஆராய்ச்சிப் பயிற்சி மையம் 2018இல் 3,000 சொற்களோடு வெளியிட்ட அகராதி, 2021இல் 10,000 சொற்களாக விரிந்தது. போற்றத்தக்க முயற்சி அது. எனினும் அதனை அப்படியே இங்குக் கொணர்தல், டில்லியின் மொழியை வல்வெட்டித்துறையிற் பேசுவிப்பது போலாகும். கைதடியிலே தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகள் வழங்கிய சைகைகளைத் தொகுத்து, அவற்றின் வழக்காறுகளைப் படத்திற் பதிவுசெய்தலே நாம் முதலிற் செய்யத்தக்கது.

பேச்சை எழுத்தாக்கிக் காட்டும் கைத்தொலைபேசிகள் இன்று பலர் கையில் உள்ளன. சரளமாக வாசிக்கத் தெரிந்த இளைஞனுக்கு அவை நற்றுணை. வாசிக்கத் தெரியாத குழந்தைக்கு அவை இன்னொரு பூட்டிய கதவு. கருவி புதியதாதல் அதன் சிறப்பன்று. யாருக்கு, எப்பருவத்தில் உதவுகின்றது என்பதே சிறப்பு.

எல்லோரையும் உள்ளடக்கும் கல்வி என்னும் தொடர் இப்போது பெருவழக்கு. ஊனமுற்றோர் உரிமைகள் பற்றிய 28ஆம் இலக்கச் சட்டம் இலங்கையில் 1996இல் நிறைவேறியது. ஐக்கிய நாடுகளின் 2006ஆம் ஆண்டுச் சமவாயத்தை இலங்கை 2016இல் ஏற்றுறுதி செய்தது. சைகைமொழியைக் கற்றற்கு வழிசெய்தலையும் செவிப்புலனற்றோரின் மொழி அடையாளத்தைப் பேணுதலையும் அச்சமவாயத்தின் 24ஆம் உறுப்புரை வேண்டுகின்றது. ஆயின் கேளாப் பிள்ளையைக் கேட்கும் நாற்பது பிள்ளைகளின் நடுவே இருத்திவிட்டு, ஆசிரியர் கரும்பலகையை நோக்கித் திரும்பியவாறே பேசுவாராயின், அது உள்ளடக்கலன்று; கூட்டத்தின் நடுவே தனித்து விடுதலே. ஒளி ஆசிரியர் முகத்திற் படுதல், பிள்ளைகள் அரைவட்டமாக அமர்தல், பேசுவோர் கையுயர்த்தியபின் பேசுதல், எழுதி முடித்துத் திரும்பியபின்னரே விளக்கந் தருதல் ஆகியவை காசு செலவாகாத கருவிகள். இவை கேட்கும் பிள்ளைக்கும் நன்மையே செய்யும்.

இறுதியாக ஒன்று. இத்துணைக் கருவிகளையும் ஆராய்ந்தவிடத்துக் குறை யாண்டும் ஒன்றாகவே தோன்றுகின்றது: மாறவேண்டியவன் கேளாதவனே என்னும் எண்ணம். அவன் பேசப் பழகவேண்டும், இதழை வாசிக்கப் பழகவேண்டும், கருவியை அணியவேண்டும். கேட்கும் நாம் மட்டும் ஒன்றும் கற்கவேண்டியதில்லை. இக்கொள்கையைத் தலைகீழாக்குதலே சிறந்த கருவி. நம் கல்லூரி மாணவர் வாரத்தில் ஒரு மணிநேரம் செவிப்புலனற்ற ஆசிரியர் ஒருவரிடம் சைகைமொழி பயில்வாராயின், கடைத்தெருவிலும் வைத்தியசாலையிலும் பேருந்திலும் ஒரு பிள்ளைக்கு உரையாட ஆள் உண்டாவர். மொழியுரிமைக்காகக் குரல்கொடுத்த சமூகம், குரலற்ற மொழியொன்றைத் தன் கைகளாற் கற்றுக்கொள்ளுமாயின், அன்றே அச்சமூகத்தின் செவி திறந்ததாகும்.