யாரும் பார்க்காத கடலை ஓவியத்தில் ரசிப்பது எப்படி?

கடல் ஓவியங்களில் ஒரு தனி வகை உண்டு. வரைந்தவரும் அந்தக் கடலைப் பார்த்ததில்லை, பார்க்கிற நாமும் பார்க்கப்போவதில்லை. கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்பே விலகிப்போன கடல்கள் அவை. பாறையில் கிடைத்த எலும்பையும் சிப்பியையும் வைத்துக்கொண்டு, அங்கே எவை நீந்தின, எது எதைத் தின்றது, தரை சேறா மணலா என்று ஓவியர் தீட்டிக் காட்டுகிறார். தொல்லுயிர் ஓவியம் என்று இதைச் சொல்லலாம்.

இந்தக் கலையை ரசிக்கத் தமிழ்நாட்டில் யாருக்காவது முதல் உரிமை உண்டென்றால், அது பெரம்பலூர், அரியலூர் மாவட்டத்துக்காரர்களுக்குத்தான். இன்றைய கடற்கரை அவர்களுக்குத் தொலைவு. பழைய கடலோ காலடியிலேயே கிடக்கிறது. அரியலூர் சிமென்ட் ஆலைகளுக்காக வெட்டப்படும் சுண்ணாம்புக்கல் அந்தக் கடல் விட்டுப்போனது. பெரம்பலூரை அடுத்த காரையின் வெறும் மண்மேடுகள் ஒரு காலத்தில் கடலடிச் சேறு. கல்லங்குறிச்சி சுரங்கச் சுவர்களில் தடித்த சிப்பிகள் அடுக்கடுக்காகத் தெரியும். இவற்றை ஒருமுறை நேரில் பார்த்துவிட்டு ஓவியத்தின் முன் நின்றால், ஓவியர் எங்கே கல்லின் பேச்சைக் கேட்டிருக்கிறார், எங்கே தன் கற்பனையை ஓடவிட்டிருக்கிறார் என்பது பிடிபடத் தொடங்கும். இந்த வகை ஓவியத்தின் முழுச் சுவையும் அங்கேதான் இருக்கிறது.

புதைபடிவங்களை மட்டுமே ஆதாரமாகக் கொண்டு ஒரு பண்டைய உலகத்தை முழுக் காட்சியாக வரைந்த முதல் படம் என்று வரலாற்றாசிரியர்கள் குறிப்பிடுவது 1830இல் பிறந்தது. இங்கிலாந்தின் புவியியலாளர் ஹென்றி டி லா பெஷ் நீர்வண்ணத்தில் தீட்டிய ‘டூரியா ஆன்டிகுயர்’ அது. ‘பண்டைய டார்செட்’ என்று பொருள். டார்செட் கடலோரத்தில் லைம் ரீஜிஸ் என்ற சிற்றூர். தச்சர் ஒருவரின் மகளான மேரி ஆனிங் அங்கே பாறைச் சரிவுகளில் விலங்குகளின் எலும்புகளைத் தோண்டியெடுத்து விற்றுப் பிழைத்துவந்தார். அறிஞர்கள் அவற்றை வாங்கிப் போய்க் கட்டுரை எழுதிப் பெயர் பெற்றார்கள். ஆனிங்குக்குப் பணமுடை தீரவில்லை. அவர் கண்டெடுத்த உயிரினங்களையே வைத்து டி லா பெஷ் இந்தப் படத்தை வரைந்தார். பிறகு அது கல்லச்சில் அச்சிடப்பட்டு, விற்ற பணம் ஆனிங்குக்குப் போனது. மூல ஓவியம் இன்று வேல்ஸ் தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. செல்போனில் தேடினாலே பெரிதாகக் கிடைக்கும். எடுத்துவைத்துக்கொண்டு மேலே படிக்கலாம்.

முதலில் விலங்குகளைப் பார்க்க வேண்டாம். நீர்மட்டத்தைப் பாருங்கள். படத்தில் வானமும் தெரிகிறது, கரையும் தெரிகிறது, தண்ணீருக்குள் நடப்பதும் தெரிகிறது. கண்ணாடித் தொட்டியின் பக்கவாட்டில் நின்று பார்க்கும் பார்வை அது. இன்று நமக்கு இது சாதாரணம். ஆனால் லண்டன் விலங்குக் காட்சிசாலையில் பொதுமக்களுக்கான மீன் காட்சியகம் திறந்ததே 1853இல்தான். அதற்கு முன் ஐரோப்பாவில் கடல் உயிரினங்களைப் பெரும்பாலும் கரையில் ஒதுங்கிக் கிடப்பதாகவே வரைந்தார்கள். மனிதன் நின்று பார்க்கிற இடம் கரை என்பதால், ஓவியமும் கரையிலேயே நின்றுவிட்டது. டி லா பெஷ் அந்தக் கண்ணைத் தண்ணீருக்குள் இறக்கினார்.

நம் ஊர் ஓவியர் இதே சிக்கலை வேறு வழியில் தீர்த்திருக்கிறார். சித்தன்னவாசல் குகைக் கோயிலின் விதானத்தில் 9ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த தாமரைக் குளம் இருக்கிறது. அதில் இலையும் பூவும் மொட்டும் பரப்பு முழுவதும் நிறைந்திருக்க, அவற்றின் இடையிடையே மீன்கள் முழு உடலோடு தெரிகின்றன. நீர்மட்டம் என்ற கோடே அங்கு இல்லை. குளத்தை மேலிருந்தும் பக்கத்திலிருந்தும் ஒரே நேரத்தில் பார்க்க வைத்திருக்கிறார். இரண்டு படங்களையும் அருகருகே வைத்துப் பார்த்தால், தண்ணீரை வரைவதில் உள்ள முதல் முடிவு பார்ப்பவரின் கண்ணை எங்கே வைப்பது என்பதுதான் எனப் புரியும். எந்தக் கடல் ஓவியத்தையும் இந்தக் கேள்வியோடு தொடங்கலாம்.

அடுத்தது வாலும் கழுத்தும். டூரியா ஆன்டிகுயரின் நடுவில் இக்தியோசர் என்ற பெரிய கடல் ஊர்வன விலங்கு, நீண்ட கழுத்துள்ள பிளிசியோசரின் கழுத்தைக் கவ்வியிருக்கிறது. இக்தியோசரின் வாலைக் கவனியுங்கள். முதலையின் வாலைப்போல நேராக ஒடுங்கிப்போகிறது. முதுகுத் துடுப்பும் கிடையாது. எலும்புக்கூட்டில் வால் முனை வளைந்திருந்ததை அன்று பலர் முறிவு என்றே எண்ணினார்கள். அந்த இடத்தில் துடுப்பு இருந்திருக்கலாம் என்று 1838இல் உடற்கூறியலாளர் ரிச்சர்ட் ஓவன் யூகித்தார். 1890களில் ஜெர்மனியின் ஹோல்ட்ஸ்மாடனில் உடலின் வெளிக்கோடே பதிந்த படிவங்கள் கிடைத்தபோது பிறைவடிவ வாலும் முதுகுத் துடுப்பும் உறுதியாயின. ஆகவே இக்தியோசர் ஓவியம் ஒன்றைப் பார்த்தால் வாலை வைத்தே அது எந்தக் காலத்து அறிவில் வரையப்பட்டது என்று சொல்லிவிடலாம்.

பிளிசியோசரின் கழுத்து இன்னொரு தடயம். பழைய ஓவியங்களில் அது அன்னத்தின் கழுத்தாக நெளியும். அவ்வளவு நெளிவு அதற்குச் சாத்தியமில்லை என்பது இன்றைய ஆய்வாளர் பலரின் கருத்து. 1863இல் பண்டைய உலகம் பற்றிய லூயி ஃபிகியேயின் நூலுக்குப் படம் வரைந்த எடுவார் ரியூ, இக்தியோசரைத் திமிங்கலம்போல நீரைப் பீய்ச்ச வைத்தார். தெரியாத இடம் வரும்போது ஓவியர் தெரிந்த விலங்கிடம் கடன் வாங்குவார். அந்தக் கடனைத் தேடிக் கண்டுபிடிப்பது குற்றம் காண்பது ஆகாது. அன்று உலகம் எவ்வளவு தெரிந்துவைத்திருந்தது என்பதைப் படத்திலேயே படிக்கிற வழி அது.

டி லா பெஷ் படத்தில் இடம் மிச்சமில்லை. ஒவ்வொரு மூலையிலும் ஒன்று இன்னொன்றைத் தின்கிறது. பிடிபட்ட பிளிசியோசர் பயத்தில் கழிவை வெளியேற்றுவதைக்கூட விடவில்லை. கல்லாகிப்போன கழிவுகளை அடையாளம் கண்டது அந்த ஆண்டுகளின் புதுச் செய்தி. உண்மைக் கடலில் இத்தனையும் ஒரே இடத்தில் கூடாது. இது ஒரு கணத்தின் காட்சி இல்லை, கிடைத்த சான்றுகள் எல்லாவற்றையும் ஒரே சட்டத்துக்குள் அடுக்கிய பட்டியல். அப்படிப் பார்த்தால் நெரிசல் உறுத்தாது.

இந்தப் படத்துக்கும் அரியலூருக்கும் ஓர் இழை ஓடுகிறது. டி லா பெஷ் பின்னாளில் பிரிட்டனின் புவியியல் ஆய்வுத் துறைக்கு முதல் இயக்குநர் ஆனார். அவருக்குக் கீழே அயர்லாந்துப் பிரிவைக் கவனித்தவர் தாமஸ் ஓல்டாம். அதே ஓல்டாம்தான் 1851இல் இந்தியாவுக்கு வந்து இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையைத் தொடங்கினார். அவருடைய துறையைச் சேர்ந்த எச்.எஃப். பிளான்ஃபோர்டு அன்றைய திருச்சிராப்பள்ளி மாவட்டத்தின் கடற்பாறைகளை ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என மூன்றாகப் பிரித்தார். பிளான்ஃபோர்டுக்குப் பின் இந்தப் புதைபடிவங்களை விரிவாக ஆராய்ந்தவர் ஃபெர்டினாண்ட் ஸ்டோலிச்கா. மொராவியாவில் பிறந்து, 1874இல் லடாக்கில், 36 வயதில் இறந்துபோனவர். அவருடைய ‘தென்னிந்தியாவின் கிரெட்டேசியஸ் உயிரினங்கள்’ பெருந்தொகுதிகள் 1873க்குள் வெளிவந்து முடிந்தன.

அந்தத் தொகுதிகளின் படத்தாள்களை அரியலூர்க் கடலின் தொடக்ககால ஓவியங்கள் என்று சொல்லலாம். அலை இல்லை, நீலம் இல்லை, வேட்டை இல்லை. வெள்ளைத் தாளில் அம்மோனைட்டும் சங்கும் சிப்பியும் ஒன்றையொன்று தொடாமல் அமர்ந்திருக்கின்றன. முதல் பார்வைக்கு அலுப்பாக இருக்கும். கொஞ்சம் நின்று பார்த்தால் விடாது.

அம்மோனைட் என்பது கணவாய்க்கு உறவான, அற்றுப்போன ஓர் ஓட்டுயிர். அதன் படம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். நத்தைபோலச் சுருண்ட ஓட்டின் பக்கவாட்டுத் தோற்றம் முதலில் வரும். அருகிலேயே அதே ஓட்டை வாய்ப்பக்கமாகத் திருப்பிவைத்த இன்னொரு படம். இரண்டையும் மாறி மாறிப் பார்த்து மனத்தில் ஒட்டவையுங்கள். ஓடு தட்டையா, பருமனா என்பது அப்போது தெரியும். இப்படிப் பொருளைக் கையில் எடுத்துத் திருப்புகிற வேலையை ஓவியர் நமக்கு விட்டுவைத்திருக்கிறார். இத்தகைய படங்களில் வெளிச்சம் இடப்பக்க மேல் மூலையிலிருந்து விழுவதாக வரைவது மரபு. அந்த ஒரே ஒழுங்கு இருப்பதால்தான் மேட்டையும் பள்ளத்தையும் கண் குழப்பிக்கொள்வதில்லை. சில படங்களில் இலை நரம்பையோ கோலத்தின் வளைவையோ நினைவூட்டும் ஒற்றைக் கோடு தனியாக வரையப்பட்டிருக்கும். அது அலங்காரம் இல்லை. ஓட்டுக்குள் இருந்த அறைகளின் தடுப்புச் சுவர், வெளி ஓட்டைச் சந்திக்கும் வரம்பு அது. இனத்துக்கு இனம் அது மாறும். கைரேகைபோல அதை வைத்துத்தான் ஆய்வாளர்கள் பெயர் சொல்கிறார்கள். பூஜையறையில் சாளக்கிராமம் வைத்திருப்பவர்கள் இந்த உருவத்தை ஏற்கெனவே அறிவார்கள். கண்டகி ஆற்றிலிருந்து வரும் அந்தக் கற்களில் தெரியும் சக்கரமும் அம்மோனைட்டுதான்.

இவை கல்லச்சுப் படங்கள். வழவழப்பாக்கிய சுண்ணாம்புக்கல்லில் கொழுப்பு மையால் வரைந்து அச்செடுக்கும் முறை. இதற்கு உலகெங்கும் பெயர்பெற்றது பவேரியாவின் சோல்ன்ஹோஃபென் கல். அதுவும் ஒரு பழங்கடலின் காயலில் படிந்ததுதான். கடல் செய்த கல்லின்மேல் கடல் உயிர்களை வரைந்த கலை என்று நினைத்துப் பார்க்கும்போது, அந்தச் சாம்பல் நிற நுண்புள்ளிகளுக்கு வேறு ஒரு கனம் வந்துவிடுகிறது.

மையிலும் இப்படி ஓர் அதிசயம் நடந்தது. காரையில் தேடவே வேண்டாம் என்னும்படி கிடைப்பவை பெலம்னைட்டுகள்: உடைந்த பல்பம் அளவில், ஒரு முனை கூராக, பழுப்பு நிறக் கற்கள். கணவாய்க்கு உறவான ஓர் உயிரின் உள்ளோடு அது. கணவாயைப் போலவே அதற்கும் மைப்பை இருந்தது. லைம் ரீஜிஸில் கல்லாகிப்போன மைப்பைகள் கிடைத்தன. மேரி ஆனிங்கின் தோழி எலிசபெத் ஃபில்பாட் அவற்றில் இறுகிக் கிடந்த மையைத் தூளாக்கிக் கரைத்து, 1833இல் ஓர் இக்தியோசர் மண்டையோட்டை அந்த மையாலேயே வரைந்தார். ஓவியத்தின் பொருளும் பழங்கடல், வண்ணமும் பழங்கடல்.

இத்தனையும் தெரிந்த பிறகு, அரியலூர்க் கடல் என்று யாராவது தீட்டிய படம் முன்னே வந்தால் எதைச் சரிபார்ப்பது? தரையைத்தான். காரையின் பாறை நுண்ணிய களிமண்ணாலானது. குறுக்கே ஜிப்சம் நரம்புகள் பளபளக்கும். களிமண் அடங்கிப் படிய வேண்டுமென்றால் அடிநீர் அமைதியாக இருந்திருக்க வேண்டும். அங்கே பவளத்தோட்டத்தையும் வெள்ளை மணலையும் தீட்டியிருந்தால் ஓவியர் கல்லைப் பார்க்காமல் வேறு படத்தைப் பார்த்திருக்கிறார். கல்லங்குறிச்சிக் கடலென்றால் ஆழம் குறைவு. தடித்த சிப்பிகள் தரையை நிறைத்திருக்க வேண்டும். சாத்தனூர் கல்மரப் பூங்காவில் கிடக்கும் 18 மீட்டர் மரம் கரையில் வளர்ந்து, ஆறு இழுத்துவந்து கடலில் சேர்த்தது. 1940இல் புவியியலாளர் எம்.எஸ். கிருஷ்ணன் அதை அடையாளம் கண்டார். ஆகவே படத்தில் ஒரு பெருமரம் மிதந்தால், அதற்குச் சாட்சி நம்மிடம் இருக்கிறது.

காலத்தையும் பாருங்கள். இந்தப் பகுதியில் கிடைத்த முதுகெலும்புகளுக்கு 1879இல் ரிச்சர்ட் லைடெக்கர் ‘இக்தியோசரஸ் இண்டிகஸ்’ என்று பெயரிட்டார். டி லா பெஷ் வரைந்த விலங்கின் உறவு நம் கடலிலும் நீந்தியிருக்கிறது. சுமார் 10 கோடி ஆண்டு பழைய காரைக் கடலில் அதைத் தீட்டலாம். சுமார் 7 கோடி ஆண்டு பழைய கல்லங்குறிச்சிக் கடலில் தீட்டினால் தவறு; அதற்குள் அந்த இனமே அற்றுப்போயிருந்தது.

நிறம் ஓவியரின் சொந்தச் சொத்து. அம்மோனைட்டின் ஓடு சிவப்பா, வரி வரியா என்று பெரும்பாலும் கல் சொல்வதில்லை. விதிவிலக்காக, 2014இல் ‘நேச்சர்’ இதழில் வெளியான ஆய்வு ஓர் இக்தியோசரின் தோலில் கருநிறமி இருந்ததைக் காட்டியது. ஓட்டிலிருந்து நீளும் கைகளும் யூகம்தான். இன்றும் வாழும் சுருள் ஓட்டுயிரான நாட்டிலஸைப் பார்த்து வரைந்தவர்கள் எண்ணற்ற விரல்களை வைப்பார்கள். கணவாயை நெருங்கிய உறவாகக் கொள்பவர்கள் பத்துக் கைகளோடு நிறுத்துவார்கள். இங்கே ஓவியரின் துணிவை மனம்விட்டு ரசிக்கலாம்.

பார்த்துப் பழகாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு 2020இல் பெரம்பலூர் மாவட்டம் குன்னத்தில் ஓர் உதாரணம் கிடைத்தது. மண் தோண்டும்போது வெளிப்பட்ட உருண்டைக் கற்களை டைனோசர் முட்டை என்று ஊரே கூடிப் பார்த்தது. அம்மோனைட்டைச் சுற்றி இறுகிய கடற்படிவு உருண்டைகள் என்று வல்லுநர்கள் விளக்க வேண்டியிருந்தது. முட்டை இல்லை என்றதும் கூட்டம் கலைந்தது வருத்தம்தான். கையில் கிடைத்தது ஒரு கடல்.

அரியலூர் பக்கம் போகிறவர்கள் வாரணவாசி புதைபடிவ அருங்காட்சியகத்துக்கு ஒரு நோட்டும் பென்சிலும் எடுத்துச் செல்லுங்கள். ஒரே ஓர் அம்மோனைட்டைத் தேர்ந்தெடுத்து, பக்கத்திலிருந்து ஒன்றும் வாய்ப்பக்கத்திலிருந்து ஒன்றும் வரையுங்கள். பிள்ளைகளையும் வரையச் சொல்லுங்கள். காரைக்குப் போனால் காலையில் போங்கள்; சாய்வெயிலில்தான் கல்லின் வரிகள் தெரியும். படம் எடுங்கள், அளவு தெரிய அருகில் ஒரு நாணயம் வையுங்கள், கல்லை மட்டும் கிடந்த இடத்திலேயே விட்டுவிடுங்கள். எந்த அடுக்கில் கிடந்தது என்ற விவரம் போய்விட்டால், அதை வைத்து எந்த ஓவியராலும் கடலை வரைய முடியாது.