வட இங்கிலாந்தின் பெந்தெகொஸ்தே பவனிகள்

வட இங்கிலாந்தின் ஆலைநகரங்களில் பெந்தெகொஸ்தே பண்டிகையை ஒட்டி ஓய்வுநாள் பள்ளிகளும் திருச்சபைகளும் நடத்தும் தெருப்பவனிக்கு 'விட் வாக்' என்று பெயர். குளோஸ்டரில் ராபர்ட் ரெய்க்ஸ் 1780-இல் வித்திட்ட ஓய்வுநாள் பள்ளி இயக்கம், வாரமெல்லாம் உழைத்த ஏழைப் பிள்ளைகளுக்கு ஞாயிறன்று எழுத்தும் வேதமும் கற்பித்தது. மான்செஸ்டரின் ஆங்கிலிக்கன் ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகள் 1801-இல் முதன்முறையாக அணிவகுத்து, இன்றைய பேராலயத்துக்கு நடந்து சென்றனர். பெந்தெகொஸ்தே வாரத்தில் கெர்சல் மூர் திடலில் குதிரைப் பந்தயம் நடந்துவந்தது. அங்கு மலிந்திருந்த சூதுக்கும் குடிக்கும் மாற்றாகப் பிள்ளைகளுக்கென்றே ஒரு திருநாளை இந்தப் பவனி தந்தது.

காலப்போக்கில் மரபு பல கிளைகளாகப் பிரிந்தது. மான்செஸ்டரில் அந்த வாரத்தின் திங்கள் ஆங்கிலிக்கன் சபையாருக்கும், வெள்ளி கத்தோலிக்கருக்கும் உரிய நாட்களாயின. கத்தோலிக்கப் பவனிக்கு ஐரிஷ் குடியேறிகள் வலுவூட்டினர். ஆன்கோட்ஸ் பகுதி இத்தாலியர் மாதாவின் சுரூபத்தைப் பூக்களால் அலங்கரித்துத் தோளில் சுமந்தனர். இரண்டாம் உலகப் போருக்குப் பின் போலந்து, உக்ரைன் மக்களும் தங்கள் பாரம்பரிய உடையில் சேர்ந்துகொண்டனர். சேடில்வொர்த் கிராமங்களில் பெந்தெகொஸ்தே வாரத்தின் வெள்ளிக்கிழமை காலை சபைகள் பவனி வரும். மாலையில் 1884 முதல் பேண்டு போட்டி நடக்கிறது. எந்தக் குழு வாசிக்கிறது என்று தெரியாதபடி நடுவர் மறைவில் அமர்ந்து தீர்ப்பளிப்பார். வாரிங்டன் நகரின் 'நடை நாள்' பெந்தெகொஸ்தேயைச் சாராதது. 1830-களில் நியூட்டன் குதிரைப் பந்தயங்களுக்கு எதிராகக் குருவானவர் ஹொரேஸ் பவிஸ் தொடங்கிய அது கோடையில் நடக்கிறது.

கிளைகள் வேறானாலும் பவனியின் கூறுகள் பொதுவானவை. முதலாவது, கொடி. வண்ணம் தீட்டிய பெரிய பட்டுக்கொடியை இரண்டு கம்பங்களில் ஏந்துவார்கள். காற்றில் சாயாதபடி முன்னும் பின்னும் கயிறு பிடிப்பவர்களின் ஒருமித்த கவனமே அதை நிமிர்த்தி வைக்கும். இரண்டாவது, உடை. வறிய குடும்பமும் சிறுகச் சிறுகச் சேமித்துப் பிள்ளைக்குப் புத்தாடை வாங்கியது. சிறுமியர் வெண்ணிற உடையில் பூக்கூடை ஏந்தினர். மூன்றாவது, நடையும் பாட்டும். பேண்டு இசைக்கு இசைந்து நடந்து, தெருமுனைகளில் நின்று ஞானப்பாட்டு பாட வேண்டும். நான்காவது, விருந்து. பவனி முடிந்ததும் பிள்ளைகளுக்கு ரொட்டியும் பானமும் கிடைக்கும். திடலில் விளையாட்டும் உண்டு.

1871-இல் அரசு விடுமுறையான பெந்தெகொஸ்தே திங்கள், 1971-ஆம் ஆண்டுச் சட்டத்தால் மே மாதக் கடைசித் திங்களுக்கு இடம்பெயர்ந்தது. ஓய்வுநாள் பள்ளிகளும் சுருங்கின; பல ஊர்களில் பவனி நின்றுபோனது. மான்செஸ்டர், சேடில்வொர்த், வாரிங்டன் ஆகிய இடங்களில் இன்றும் நடக்கிறது. சேடில்வொர்த்தில் பேண்டு போட்டி, சபைக்கு வெளியே இருப்போரையும் அந்த நாளுக்கு உரியவர்களாக்கியுள்ளது.