முல்லைப்பாட்டில் காடும் துயிலும்

காடு மனத்துக்கு அமைதி தரும் என்பது பெரும்பாலும் ஐயமின்றி ஏற்றுக்கொள்ளப்பட்ட கருத்தாகும். நகர வாழ்வில் களைத்தவர் மரநிழலில் சில நாள் தங்கின் ஆறுதல் பெறுவர் என்று எழுதுவோர் அதற்குச் சான்றாக முல்லைத்திணையைக் காட்டுவதுண்டு. கார்காலம், மாலைப்பொழுது, பிரிந்தவன் வரும்வரை ஆற்றியிருத்தல் என அத்திணைக்குரிய கூறுகள் யாவும் அமைதியையே சுட்டுவனபோலத் தோன்றுகின்றன. ஆயின், அத்திணையின் பெயரையே தாங்கிய முல்லைப்பாட்டை ஊன்றிப் படிப்போர் இம்முடிவுக்கு எளிதில் வந்துவிட இயலாது.

நப்பூதனார் பாடிய இப்பாட்டு 103 அடிகளையுடையது. பத்துப்பாட்டுள் மிகச் சிறியது. இதிற் காடு முதலில் ஓய்விடமாக அறிமுகமாவதில்லை. காட்டாறு சூழ்ந்த முல்லைநிலத்தில் அரசனின் படை பாசறை அமைக்கிறது. மணங்கமழும் பிடவம் முதலிய புதர்கள் வெட்டி அகற்றப்படுகின்றன. வேட்டுவரின் காவலரண்கள் அழிக்கப்படுகின்றன. காட்டு முள்ளாலேயே மதில் எழுகிறது. அதனுள்ளே யானைப்பாகரும் யவனரும் நாழிகைக் கணக்கரும் தத்தம் கடமையில் உள்ளனர். இத்துணைக் காவலுக்கு நடுவில் அரசனுக்கு உறக்கம் வருவதில்லை. புண்பட்ட யானைகளையும், களத்தில் மாண்ட வீரரையும், அம்பு தைத்த குதிரைகளையும் எண்ணி அவன் விழித்திருக்கிறான். இனிய துயில் அவனுக்கு வாய்ப்பது பகைவரை வென்ற பின்னரே.

இது கவிஞர் தற்செயலாகச் சேர்த்த செய்தியன்று. மண்ணாசை கொண்ட வேந்தன்மீது மற்றொரு வேந்தன் படையெடுத்துச் செல்லும் வஞ்சித்திணையை முல்லைக்குப் புறனாக வைத்தவர் தொல்காப்பியர். இல்லத்தில் ஒருத்தி ஆற்றியிருப்பதும், காட்டில் ஒருவன் போர்மேற் சென்றிருப்பதும் ஒரே நிகழ்வின் அகமும் புறமுமாகும். எழுநிலை மாடத்தில் மழைநீரின் ஓசையைக் கேட்டுக் கிடக்கும் அரசியின் பொறுமையை மட்டும் பிரித்தெடுத்து முல்லையின் அமைதி என்று போற்றுவது, பாட்டின் ஒரு பாதியை மறப்பதாகும்.

நச்சினார்க்கினியர் அடிகளை மாற்றிக் கூட்டிப் பொருள் உரைத்ததும், மறைமலையடிகள் 1903 ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சியுரையில் அதனை மறுத்ததும் தமிழ் மாணவர் அறிந்தவை. அடிகளின் ஒழுங்கு பற்றிய அவ்விவாதம் பயனுடையதே. எனினும், எவ்வொழுங்கிற் படிப்பினும் ஒரு வினா எஞ்சி நிற்கிறது. அரண் இழந்த வேட்டுவர் எங்கே போயினர்? அவர்களைப் பற்றிப் பாட்டு மீண்டும் பேசுவதில்லை. அரசன் தேரேறி மீளும் வழியில் காயாவும் கொன்றையும் காந்தளும் பூத்துக் குலுங்குகின்றன. அக்காட்டையே வாழ்விடமாகக் கொண்டோர் அவ்வழியிற் காணப்படுவதில்லை.

இவ்வினாவின் கனத்தை ஈச்சிலம்பற்று போன்றதொரு நிலத்திலிருந்து நோக்கும்போதே முழுமையாக உணரலாம். திருகோணமலை மாவட்டத்தின் தெற்கில், மகாவலியின் கிளையான வெருகல் ஆறு பாயும் பகுதி அது. காடும் வயலும் களப்பும் கடலும் அங்கே அடுத்தடுத்துக் கிடக்கின்றன. தமிழ் பேசும் கரையோர வேடர் அப்பகுதியிலும் அதன் அயலிலும் நெடுங்காலமாக வாழ்ந்துவருகின்றனர். தேனெடுத்தலும் சேனைப்பயிரும் மீன்பிடியும் அறிந்த அக்குடிகளுக்குக் காடு தொழிற்களமாகும். ஓய்வு என்பது வேலைக்கிடையே மரத்தடியிற் சாயும் சிறுபொழுது. பொழுது சாய்ந்ததும் குடிசைக்குத் திரும்பலாம் என்பதனாலேயே அச்சிறுபொழுது இனிக்கிறது.

2006 ஆம் ஆண்டில் மாவிலாற்று அணையை முன்னிட்டு மூண்ட போர் அவ்வாழ்வைக் குலைத்தது. ஈச்சிலம்பற்று மக்கள் வாகரைக்கும், பின்னர் மட்டக்களப்புப் பகுதிகளுக்கும் இடம்பெயர்ந்தனர். வாகரையிலிருந்து வெளியேறியோருட் பலர் காட்டுவழியே நடந்தனர். மீள்குடியேற்றம் 2007 இல் தொடங்கியது. அந்நாட்களிலும் காட்டில் நிழல் இருந்தது, பறவையொலியும் இருந்தது. குழந்தையைத் தோளில் சுமந்து நடந்த தாய்க்கு அவை அமைதி தந்தன என எவரும் கூறார். காடு மாறவில்லை, திரும்பிச் செல்லும் உறுதியே அற்றுப்போயிருந்தது.

பண்டைய திணைப்பாட்டின்மீது இக்கால அவலத்தை ஏற்றிப் படிப்பது முறையா எனச் சிலர் வினவலாம். திணை மரபு ஒரு புலனெறி வழக்கு என்பதும், அதனை வரலாற்றுக் குறிப்பாகக் கொள்ளலாகாது என்பதும் உண்மையே. எனினும் வேட்டுவர் அரணையும் அரசனின் உறக்கமின்மையையும் பாட்டுள் வைத்தவர் நப்பூதனாரே. இன்றைய அனுபவம் அவ்வடிகளைப் புதிதாகப் படைக்கவில்லை. விரைந்து கடந்துவிடும் கண்ணை அங்கே நிறுத்துகிறது. அமெரிக்க எழுத்தாளர் தோரோ 1845 முதல் 1847 வரை வால்டன் குளக்கரைக் காட்டிற் பெற்ற நிறைவும் இவ்வாறே நோக்கத்தக்கது. அவர் விரும்பிச் சென்றார். விரும்பியபோது ஊருக்குத் திரும்பினார்.

காடு தரும் எளிய அமைதியை முல்லைப்பாட்டு மறுக்கிறது என்பது இதன் கருத்தாகாது. அதனைக் கவிஞர் அரசனிடமோ அரசியிடமோ வைக்கவில்லை. நற்சொற் கேட்க ஊர்ப்புறம் சென்ற முதுபெண்டிர், குளிரில் நடுங்கும் தோளையுடைய ஆய்மகள் ஒருத்தி கட்டப்பட்ட கன்றைத் தேற்றுவதைக் கேட்கின்றனர். தாய்ப்பசுக்கள் இப்போதே வந்துவிடும் என்கிறாள் அவள். முதுபெண்டிர் அச்சொல்லை அரசனின் வெற்றிக்கு நன்னிமித்தமாகக் கொள்கின்றனர். ஆய்மகளோ வெற்றியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. காலையில் மேயச் சென்றவை மாலையில் வீடு திரும்பும் என்பதே அவள் அறிந்தது. அந்த உறுதி உள்ள இடத்திற்றான் காடு மனிதனுக்கு ஓய்விடமாகிறது. முல்லைப்பாட்டின் அமைதியைப் பேசுவோர் அக்கன்றுக்குச் சொன்ன சொல்லிலிருந்து தொடங்குவதே பொருத்தமாகும்.