களியாட்டக் கோட்பாடும் விக்டோரியா காலத்து இரண்டு நாவல்களும்

திருவிழா நாளில் கோமாளி அரசனாவான், அரசன் கேலிப்பொருளாவான். இந்தத் தலைகீழ்ச் சிரிப்பு அதிகாரத்தை அசைத்துவிடும் என்பது ரஷ்ய அறிஞர் மிகயீல் பக்தினின் கட்சி. பிரெஞ்சு எழுத்தாளர் ரபேலே பற்றி 1965இல் வெளிவந்த அவருடைய நூலே களியாட்டக் கோட்பாட்டுக்கு முக்கிய மூலம்.

எதிர்க்கட்சியும் உண்டு. சடங்காக நடக்கும் கலகம் இருக்கிற ஒழுங்கையே உறுதிப்படுத்துகிறது என்று மானிடவியலாளர் மாக்ஸ் குளுக்மன் 1950களிலேயே சொன்னார். மலேசியாவின் ரஹாங் வட்டாரத் தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். கோயில் திருவிழா மேடையில் கோமாளி தோட்ட எழுத்தரான கிராணியைக் கிண்டலடிக்கலாம். கிராணியும் முன்வரிசையில் இருந்து சிரிக்கலாம். மறுநாள் விடியுமுன் பெரட்டு எனும் காலை ஆளெடுப்பில் பேர் கூப்பிடுபவர் அவர்தான்.

மூன்றாவது கட்சி திறனாய்வாளர்கள் ஸ்டாலிபிராஸ், வைட் இருவருடையது (1986). கூட்டத்தின் கேலி பல சமயம் எளியவர் மேல்தான் விழுகிறது என்றார்கள் அவர்கள். தாமஸ் ஹார்டியின் 'காஸ்டர்பிரிட்ஜ் மேயர்' (1886) அதற்குச் சாட்சி. லூசெட்டா என்ற பெண்ணின் பழைய உறவைக் கேலி செய்ய, ஊரார் உருவப் பொம்மைகளைக் கழுதைமேல் ஏற்றி ஊர்வலம் விடுகிறார்கள். அதைக் கண்ட அதிர்ச்சியில் அவள் இறக்கிறாள். அவளோடு சேர்த்துப் பொம்மையாக்கப்பட்ட பழைய காதலன் ஹென்சார்டோ பிழைத்துக்கொள்கிறான்.

அதே விக்டோரியா காலத்தில் தமிழில் வந்தது வேதநாயகம் பிள்ளையின் 'பிரதாப முதலியார் சரித்திரம்' (1879). ஆண் வேடத்தில் கணவனைத் தேடிப் போகும் ஞானாம்பாளுக்கு யானை மாலையிட, அவள் விக்கிரமபுரிக்கு அரசனாகிறாள். பக்தின் கட்சிக்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை. ஆனால் அவள் அரியணையை இளவரசி ஆனந்தவல்லியிடம் ஒப்படைத்துவிட்டு வீடு திரும்புகிறாள். இது குளுக்மன் பக்கம் சாய்கிறது. மூன்றாவது கட்சி கேட்பது இன்னொன்று: அவளுடைய தீர்ப்பில் அவமானப்பட்டு நிற்பவன் யார்? சூது செய்ததாகச் சொல்லப்படும் செருப்புத் தைப்பவன். முன்சீபாக இருந்தவர், பெண் கல்விக்காக வாதாடியவர் எழுதிய நாவல், பெண்ணை நீதிபீடத்தில் ஏற்றியது. சிரிப்பதற்கு மட்டும் ஒரு தொழிலாளியைத் தேடிக்கொண்டது.

கோமாளியும் கூட்டமும் இருப்பதாலேயே ஒரு நாவல் கலக நாவலாகிவிடாது. சிரிப்பு யார் மேல் விழுகிறது, மறுநாள் எது மாறியிருக்கிறது என்பதே அளவுகோல். நம் தோட்ட நாவல்களில் தண்டல் எனும் மேற்பார்வையாளரைக் கேலி செய்யும் பக்கங்களை எடுத்துக்காட்டுகிற திறனாய்வாளர், அதே நாவலில் லயக் குடியிருப்புப் பெண்ணை வைத்துச் சிரிக்கும் பக்கங்களையும் சேர்த்தே எடைபோட வேண்டும்.