தூண்டிலுக்கு ஓர் அனுமதிப்பத்திரம்

பொழுதுபோக்குக்காக மீன் பிடிக்கப் போகிறவர் முதலில் அனுமதிப்பத்திரம் எடுத்துக்கொள்ள வேண்டும் என்ற ஏற்பாட்டை நான் ஆதரிக்கிறேன். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. கீழே எழுதப்போவதில் பெரும்பகுதி அந்த ஏற்பாடு இலங்கை மலையகத்தில் நடந்துகொண்ட விதத்தைப் பற்றிய மனக்குறை.

நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. ஹோர்ட்டன் சமவெளி அதற்கும் மேலே, ஏறத்தாழ 2,100 மீற்றரில். இந்த உயரத்து ஓடைகளின் குளிர், 1880களில் இங்கிருந்த பிரித்தானிய அதிகாரிகளுக்கும் தோட்டத்துரைமாருக்கும் தங்கள் ஊர் ஆறுகளை நினைவூட்டியது. கப்பலில் ட்ரவுட் மீன் முட்டைகளைத் தருவித்தார்கள். முதலில் பழுப்பு ட்ரவுட், பிறகு வானவில் ட்ரவுட். 1896இல் நுவரெலியாவில் சிலோன் ஃபிஷிங் கிளப் உருவானது. முட்டை பொரிக்க வைத்துக் குஞ்சுகளை ஓடைகளில் விடும் வேலையை அந்தக் கிளப் ஏற்றுக்கொண்டது. அதற்குப் பதிலாக, தூண்டில் போட வருகிறவர் கிளப்பின் சீட்டை வாங்க வேண்டும்.

அந்தச் சீட்டில் ஒரு நேர்மை இருந்தது. வானவில் ட்ரவுட் ஹோர்ட்டன் சமவெளியில் தானாகவே பெருகியது. மற்ற இடங்களில் பெரும்பாலும் ஆண்டுதோறும் குஞ்சு விட்டால்தான் மீன். ஆகவே சீட்டுக்குக் கொடுத்த காசு அடுத்த ஆண்டின் மீனாகத் திரும்பி வந்தது. பிடிப்பவரே வளர்ப்புக்கும் காசு கொடுக்கிறார். ஓர் அனுமதிப்பத்திரத்துக்கு இதைவிட நல்ல நியாயம் எனக்குத் தெரியவில்லை.

ஆனால் அந்த நியாயம் ஓடைக்கரையில் நின்ற எல்லோரையும் கணக்கில் எடுத்ததா? தண்ணீர் தேயிலைத் தோட்டத்துக்குள் ஓடியது. அந்தத் தண்ணீரில்தான் லயத்துத் தொழிலாளர் சனம் குளித்தது, துணி துவைத்தது, பீலியில் குடம் வைத்துப் பிடித்தது. மீன் மட்டும் துரையுடையது. எங்கள் மாமா ஒருவர் சின்ன வயதில் லயத்துக்குக் கீழே ஓடையில் மண்புழு கோத்துத் தூண்டில் போட்டு, வாச்சர் வருவதைக் கண்டு தங்கூசியை அறுத்துவிட்டு ஓடிய கதையைக் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். மீனைவிட அந்த முள் போனதுதான் அவருக்குத் துக்கம். சீட்டு என்று ஒன்று உண்டு, அதை வாங்கினால் பிடிக்கலாம் என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் நாட்சம்பளக்காரர் வாங்கும் பொருளாக அது இருந்ததில்லை.

நீலகிரியிலும் இதே கதை முன்னதாகவே தொடங்கிவிட்டது. அங்கே வேட்டை விலங்கையும் மீனையும் காக்க 1879இலேயே தனிச் சட்டம் வந்தது. காப்பு என்ற சொல் நல்ல சொல்தான். விளையாட்டுக்கு வரும் கனவான்களுக்கு இரை குறையாமல் பார்த்துக்கொள்வதே அந்தக் காப்பின் முதல் நோக்கமாக இருந்தது என்பதையும் மறக்கக்கூடாது.

இதில் இன்னொரு கோணம் உண்டு. ட்ரவுட் இந்த மண்ணின் மீன் அல்ல. இரை தேடித் தின்னும் வந்தேறி. ஹோர்ட்டன் சமவெளி ஓடைகளில் மட்டுமே வாழும் ஒரு சிற்றிறால் இனத்துக்கு அது ஆபத்து என்று உயிரியலாளர்கள் எச்சரித்திருக்கிறார்கள். அந்தச் சமவெளி 1988இல் தேசியப் பூங்காவானது. 2010இல் மத்திய மலைநாட்டின் ஒரு பகுதியாக யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலிலும் சேர்ந்தது. ஆக, கிளப்பின் சீட்டு எதைக் காத்தது? தூண்டில்காரருக்குப் பிடித்த மீனைக் காத்தது. ஓடையை அது பார்க்கவே இல்லை. நல்ல அனுமதிப்பத்திரத்துக்கும் நல்ல சூழல் பாதுகாப்புக்கும் இடையே இவ்வளவு தூரம் இருக்கலாம் என்பதை எனக்குக் காட்டியது அந்த இறால்தான்.

அப்படியானால் அனுமதியே வேண்டாம் என்று விட்டுவிடலாமா? விட்டுப் பார்த்த அனுபவமும் இந்த நாட்டுக்கு உண்டு. 1990 முதல் 1994 வரை அரசு நன்னீர் மீன்பிடிக்குக் கொடுத்த ஆதரவை நிறுத்திவைத்தது. மேற்பார்வை தளர்ந்ததும் நீர்த்தேக்கங்களில் சிறுகண் வலைகள் பெருகின. வளர வேண்டிய மீன் குஞ்சிலேயே கரையேறியது. கேட்பாரற்ற தண்ணீரில் ஏழைக்கு மீன் தாராளமாகக் கிடைக்கும் என்று நினைப்பவர்கள் அந்த நான்கு ஆண்டுகளைப் படித்துப் பார்க்க வேண்டும். பெரிய வலை வைத்திருப்பவன் அள்ளிக்கொண்டு போவான். தூண்டில்காரப் பையனுக்கு மிஞ்சுவது வெறும் தக்கை.

இப்போது நடைமுறையில் இருப்பது 1996ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடற்றொழில், நீரியல் வளச் சட்டம். வெடிமருந்தும் நஞ்சும் வைத்து மீன் பிடிப்பதை அது தெளிவாகத் தடுக்கிறது. மலையகத்தின் சிற்றோடைகளுக்கு இதுவே மிக முக்கியமான பகுதி என்பேன். மேலே ஒருவன் பூச்சிமருந்தைக் கலந்துவிட்டால், கீழே ஒரு மைல் தூரத்துக்குத் தவளைக்குஞ்சுகூட மிஞ்சாது. அந்தத் தண்ணீர் அடுத்த லயத்துப் பீலிக்குத்தான் போகும். சட்டத்தின் இந்த வரி ஒவ்வொரு தோட்டத்துப் பிரட்டுக்களத்திலும் பெரிய எழுத்தில் இருக்க வேண்டியது.

அனுமதி பற்றிய பகுதி அவ்வளவு தெளிவாக இல்லை. விதித்துரைக்கப்பட்ட மீன்பிடி முறைகளுக்கு அனுமதிப்பத்திரம் வேண்டும் என்கிறது சட்டம். எவை விதித்துரைக்கப்பட்டவை என்று அறிய வர்த்தமானி அறிவித்தல்களைத் தேடிப் போக வேண்டும். இதற்கிடையில் ஹோர்ட்டன் சமவெளிக்குள் வனசீவராசிகள் திணைக்களத்தின் அதிகாரம். காசல்ரீ, மவுஸ்ஸாக்கலை போன்ற நீர்த்தேக்கங்கள் மின்னுற்பத்திக்காகக் கட்டப்பட்டவை. மீன்வளர்ப்புக்கு 1998ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் தனி அதிகார சபை. ஓடை ஓடும் நிலமோ தோட்டக் கம்பனியின் கையில். ஒரு தூண்டிலுக்கு இத்தனை வாசல்கள்.

நான் ஒருமுறை இவற்றில் ஒரு வாசலைத் தட்டினேன். மேசைக்குப் பின்னால் இருந்தவர் மரியாதையாகத்தான் பேசினார். சிங்களத்தில் அச்சிட்ட படிவம் ஒன்றைத் தேடி எடுத்தார். தமிழில் இல்லையா என்றதும், "எழுதித் தந்தால் நிரப்பித் தருகிறேன்" என்றார். படகின் நீளம், இயந்திரத்தின் குதிரைவலு, வலையின் கண்ணளவு என்று கேள்விகள். என்னிடம் இருந்தது ஒரு தடி. ஒவ்வொரு கட்டத்திலும் அவர் கோடு கிழித்துக்கொண்டே போனார். கடைசியில், இது உங்களுக்குப் பொருந்தாது, சும்மா போய்ப் போடுங்கள், யாரும் கேட்க மாட்டார்கள் என்று திருப்பித் தந்தார். அந்தக் கடைசி வாக்கியம்தான் என்னை உறுத்தியது. கேட்க மாட்டார்கள் என்றால் கணக்கில் வரவும் மாட்டோம். 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் நம் சனத்தைப் பதிவேட்டுக்கு வெளியே தள்ளியது. அதைச் சரிசெய்யும் முயற்சி 2003 வரை நீண்டது. பதிவேட்டுக்கு வெளியே இருப்பது வசதி என்று இந்த மலையில் யாரும் என்னிடம் சொல்லக்கூடாது.

வேறு நாடுகளில் பார்த்துக் கற்றுக்கொள்ள உதாரணங்கள் இருக்கின்றன. இங்கிலாந்தில் நன்னீரில் தூண்டில் போட அனுமதி கட்டாயம். 13 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்குத் தேவையில்லை, 13 முதல் 16 வரை அனுமதி எடுக்க வேண்டும், ஆனால் இலவசம். பிள்ளையைத் தண்டிக்காமல் பதிவேட்டுக்குள் கொண்டுவரும் வழி இது. அமெரிக்காவில் 1950இல் வந்த சட்டம் தூண்டில் கருவிகள் மீதான வரியை மாநிலங்களின் மீன்வளப் பணிக்குக் கொடுக்கிறது; அந்தப் பணம் வேண்டுமானால் அனுமதிக் கட்டணத்தை வேறு செலவுக்குத் திருப்பக்கூடாது என்று நிபந்தனையும் போடுகிறது. பழைய கிளப் சீட்டின் நல்ல பாதி இதுதான்: கரையில் வாங்கிய காசு தண்ணீருக்கே போக வேண்டும். நம் மலையில் அதைச் செய்வதானால், தமிழிலும் சிங்களத்திலும் ஒரே பக்கத் தாள், தோட்டத்திலேயே கிடைக்க வேண்டும். உல்லாசப் பயணியிடம் நல்ல கட்டணம், தோட்டத்துப் பிள்ளையிடம் ஒன்றுமில்லை. என்ன மீன், எவ்வளவு, எங்கே பிடித்தீர்கள் என்று எழுத நாலு வரி இடம்.

அந்த நாலு வரியை யார் நிரப்புவார்கள் என்று கேட்கலாம். சென்ற வறட்சியில் மவுஸ்ஸாக்கலைக் கரையில் ஒரு பையனைப் பார்த்தேன். பன்னிரண்டு வயதிருக்கும். வெறும் தண்ணீர்ப் போத்தலில் தங்கூசியைச் சுற்றியிருந்தான். முள்ளில் ரொட்டி மாவு உருண்டை. நீர் இறங்கி, நீர்த்தேக்கத்தில் மூழ்கிப்போன பழைய மஸ்கெலியா ஊரின் கோயில் வெளியே தெரிந்தது. உள்ளங்கை அகலத் திலாப்பியா இரண்டு அவன் பையில் கிடந்தன. மூன்றாவதாக ஏறியது விரல் நீளம்கூட இல்லை. முள்ளை மெல்லக் கழற்றித் தண்ணீரில் விட்டான்.

"கோயில் தெரிஞ்சா எல்லாம் இந்தப் பக்கமா ஒதுங்கிரும், மாமா," என்றான். "இப்ப போட்டா குஞ்சுதான் மாட்டும். நான் இன்னும் ஒண்ணு பிடிச்சிட்டுப் போயிருவேன்."

போத்தலைச் சுழற்றி மறுபடி வீசினான்.